எட்டுப் பெண்ணுக்கு ஒரு ஆண், வீடு யாருடையது?

'தி மோர் தி மெர்ரியர்' என்ற பழைய ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தைப் போட்டுவிட்டு அதில் பெண்ணுக்கு என்ன இடம், யாரெல்லாம் விடுபட்டார்கள் என்று பேச உட்கார்ந்தால், பத்தே நிமிஷத்தில் பேச்சு நாயகி ஜீன் ஆர்தரின் குரலுக்குப் போய்விடும். குரல் அப்படி. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாயனசாலைகளில் (நூலகங்களில்) இதைத் திரையிட நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

முதலில் சப்டைட்டில். படம் 104 நிமிடம், நொடிக்கு 24 ஃபிரேம். 25 ஃபிரேம் பிரதிக்குச் செய்த கோப்பைச் சேர்த்தால் நூறாவது நிமிடத்திலேயே எழுத்து தீர்ந்துவிடும். தொடக்கத்தில் தெரியாது, பாதிப் படத்தில் இரண்டு நிமிடம் முந்தி ஓடும், நாயகி கானி பேசுவது கிழவர் டிங்கிள் வாயில் வரும். யார் என்ன சொன்னார் என்று எண்ணப் போகிறவர்களுக்கு இதைவிடக் கெடுதல் வேண்டாம். தாமதத்தைக் கூட்டிக் குறைத்தால் கொஞ்ச நேரம் சரியாகும், மறுபடி விலகும். ஃபிரேம் கணக்கையே மாற்ற வேண்டும். மலையாள எழுத்து தெரியாத பெரியவர்களும் தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஊர்கள் இவை; கதையை முன்னாலேயே வாயால் சொல்லிவிடுங்கள்.

கதை இவ்வளவுதான். 1943-ல் வந்த படம். போர்க்கால வாஷிங்டனில் தங்க இடமில்லை. அரசு வேலையில் இருக்கும் கானி தன் வீட்டில் பாதியை ஒரு பெண்ணுக்கு வாடகைக்கு விட நினைக்கிறாள். டிங்கிள் என்ற பணக்காரக் கிழவர் பேசியே உள்ளே நுழைகிறார். பிறகு அவளைக் கேட்காமலே தன் பாதியில் பாதியை நாயகன் ஜோவுக்குக் கொடுக்கிறார்.

இளவட்டங்கள் உடனே படத்தில் பெண்ணுக்கு இடம் உண்டா என்று பார்க்க 1985-ல் வந்த பெக்டெல் சோதனையை எடுப்பார்கள்: இரண்டு பெண்கள், தங்களுக்குள் பேச்சு, ஆணைப் பற்றி அல்லாத பேச்சு. முடிவெடுப்பது யார் என்பதை அந்தச் சோதனை அளக்காது. ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: காட்சி, யாரைக் கேட்டார்கள், யார் முடிவு செய்தார்கள். இரண்டு பேர் தனித்தனியாக நிரப்பட்டும். காலை நேர அட்டவணை கானி எழுதியது, நிமிஷக் கணக்கில். அதில் தடுமாறிக் கால்சட்டையைத் தொலைப்பவர் கிழவர். அவள் டைரியை டிங்கிள் ஜோவுக்கு வாசித்துக் காட்டுகிறார். அவள் டிங்கிளை வெளியேற்றுகிறாள். வாசற்படிக் காட்சியில் ஜோவின் கை அவள் மேல் போய்க்கொண்டே இருக்கும், அவள் விலக்கிக்கொண்டே தன் வருங்கால மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவாள். கடைசியில் அவளே அவன் முகத்தைப் பிடித்து முத்தமிடுவாள். இந்த இடத்தில் இரண்டு தாளும் ஒத்துப்போகாவிட்டால் படத்தை நிறுத்திப் பேசுங்கள். அந்த வாக்குவாதம் மொத்தத் திரையிடலுக்கும் தகும்.

நாயகி 1900-ல் பிறந்தவர், நாயகன் ஜோயல் மெக்ரே 1905-ல். நம் ஊர்ப் போஸ்டர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதைச் சொல்லித்தான் காட்ட வேண்டும். ஆனால் திரைக்கதையில் பெயர் போட்ட நால்வரும் ஆண்கள். எட்டுப் பெண்ணுக்கு ஒரு ஆண் என்று படம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த எட்டுப் பேரும் அலுவலகத்தில் என்ன வேலை பார்த்தார்கள் என்பதற்கு அதில் நேரமில்லை.

விடுபட்டவர்களை எண்ண மூன்று கட்டம் போதாது. 1940-ல் வாஷிங்டனில் கால்வாசிக்கு மேல் கருப்பின மக்கள், அவர்களுக்கு வீடும் தெருவும் தனி. வீட்டுப் பஞ்சத்தைப் பற்றிய படத்தில் அவர்களுக்கு ஒரு முக்கியப் பாத்திரம்கூட இல்லை. ஜோவை ஜப்பான் உளவாளி என்று பக்கத்துவீட்டுப் பையன் சந்தேகிப்பதும் சிரிப்புக்குத்தான். அதற்கு முந்தைய ஆண்டு, 1942 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் போட்ட ஆணைக்குப் பிறகு, அங்கே வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். நாயர் பெண்ணாக நடித்ததற்காக விரட்டப்பட்ட, மலையாளத்தின் முதல் நாயகி, தலித் பெண் பி.கே. ரோஸியைத் தெரிந்த ஊரில் இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

தாளின் கடைசி வரியைப் படத்தின் முடிவுக்காகக் காலியாக வைத்திருங்கள். ஊர் வாய்க்குப் பயந்து கல்யாணம் முடிகிறது. இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவரை டிங்கிள் எடுத்துவிட்டிருக்கிறார். வாடகை கட்டுபவள் கானி; சுவர் இல்லை என்பது அவளுக்கே படம் முடியும்போதுதான் தெரியவருகிறது.