தொண்ணூறும் உன்தீஸும்

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டு, தை பிறந்ததும் கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஆட்கள் வந்து இறங்குவார்கள். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் கல் அறுப்பு முடிந்துவிடும். பள்ளிக்கூடம் திறப்பதோ ஜூனில். அதனால் சூளைப் பிள்ளைகள், பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்கான எங்கள் சிறப்புப் பயிற்சி மையத்துக்கு வரும்போது ஆண்டுத் தேர்வுக்கு மூன்று மாதம்தான் மிச்சமிருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் பீகாரிலிருந்து வந்த ஒன்பது வயதுப் பையனைப் பள்ளி ஒன்றில் சேர்க்கக் கூட்டிப்போனேன். "டிசி இல்லாம எப்படி டீச்சர்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு என்று நாம் பெருமைப்படும் மாவட்டம் இது. கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போன ஆள் இல்லாத தெரு இங்கே உண்டா? மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மறுநாளும் போனேன். சேர்த்துக்கொண்டார்கள்.

"இவனுக்குக் கணக்கே வராது" என்று சீக்கிரமே பேர் வாங்கிவிட்டான். இந்தியில் 'உன்தீஸ்' என்று சொன்னால் 39 எழுதுவான். உன்தீஸ் என்றால் 29. முப்பதுக்கு ஒன்று குறைவு என்று அர்த்தம். ஒன்பதில் முடியும் எண் என்பது தெரிந்தது; ஆனால் 'தீஸ்' என்ற முப்பதுதான் அவன் காதில் விழுந்திருக்கிறது. தமிழில் 'தொண்ணூறு' என்று சொன்னால் 900 எழுதுவான். முந்நூறு, நானூறு என்று பழகிய பிள்ளை வேறு எதை எழுதும்? நம் மொழியிலும் அப்படி ஒரு குழி இருப்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை சூளைக்குப் போனேன். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. அப்பா அச்சைக் கவிழ்க்கக் கவிழ்க்க, பையன் நூறு கல்லுக்கு ஒரு கூழாங்கல்லைத் தனியே எடுத்து வைத்தான். பத்து சேர்ந்ததும் அவற்றை அள்ளிவிட்டு ஓர் ஓட்டுத் துண்டை வைத்தான். நான் கிளம்பும்போது ஓடு நான்கு, கூழாங்கல் ஆறு. எவ்வளவு என்றேன். இந்தியில் 4600 என்றவன், நாய் மிதித்துக் கெட்ட பன்னிரண்டைக் கழித்து 4588 என்றும் சொன்னான். கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை கூழாங்கல்லோடு ஈர்க்குக் கட்டுகளையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கல் நூறு, கட்டு பத்து, ஒற்றை ஈர்க்கு ஒன்று. ஒன்பது கட்டை அவன் கையில் கொடுத்து "தொண்ணூறு" என்றேன். அதன்பின் அவன் 900 எழுதவில்லை. மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு முற்றத்தில் நின்றால் போதும், காற்றாலைகள் தெரியும்; ஒவ்வொன்றுக்கும் மூன்று இறக்கை.

வாசிப்புதான் கடினம். "காக்கா, காந்தி ரெண்டுக்கும் ஒரே எழுத்தா டீச்சர்?" என்று கேட்டான். இந்தியில் அந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து. விதி சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. சொல்லைப் பலமுறை காதில் போட்டு, பிறகு எழுத்தைக் காட்டியபோது பிடித்துக்கொண்டான்.

தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் வளர்க்கத் தமிழக அரசு 2022இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பது எங்களுக்கு நல்ல துணை. ஆனால் கேள்வியைத் தமிழில் வாசிக்கத் தெரியாத ஒரே காரணத்தால், கணக்குத் தெரிந்த பிள்ளையைக் கணக்கிலும் கீழ்நிலையான அரும்பில் உட்கார்த்திவிடக் கூடாது. வாயால் கேட்டுப் பார்த்துவிட்டு நிலையைக் குறியுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவருகிறேன்.

ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகளின் நோட்டில், கடைசிப் பக்கத்தில், என்னென்ன தெரியும் என்று இந்தியிலும் தமிழிலும் எழுதிக் கொடுப்பேன். அடுத்து வாய்க்கும் டீச்சர் மறுபடி ஒன்று, இரண்டில் தொடங்க வேண்டாமே. போன மே மாதம் ஒரு சிறுமிக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே லாரி ஹாரன் அடித்துவிட்டது. ஒன்பதாம் வாய்ப்பாடு வரை தெரியும் அவளுக்கு. ஏழு வரைதான் எழுதியிருந்தேன்.