முதலில் டாலி, பிறகுதான் சுத்தியல்

அக்கா மகன் போன மாதம் ஒரு பழைய கார் வாங்கினான். முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஃபெண்டர் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு. "நானே எடுக்கப் போறேன் மாமா, எந்தச் சுத்தியல் வாங்கட்டும்?" என்று கேட்டான். டிங்கரிங் பழக வந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது சுத்தியல்தான். தகட்டுக்குப் பின்னால் மறைந்திருந்து பாதி வேலையைச் செய்கிற டாலியை யாரும் கேட்பதில்லை.

டாலி என்பது கைக்குள் அடங்கும் கனமான இரும்புக்கட்டி. ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ இருக்கும். அதன் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு வளைவு. பல வளைவுகள் உள்ள பொது டாலி ஒன்றும், குதிகால் வடிவ ஹீல் டாலி ஒன்றும் தொடக்கத்துக்குப் போதும். சுத்தியலும் ஒன்று போதும்: ஒரு முனை அகலமான வட்ட முகம், மறுமுனை கூர், தலை எடை 300 முதல் 400 கிராம். வீட்டில் இருக்கும் ஆணியடிக்கிற சுத்தியலை மட்டும் எடுக்காதீர்கள். அதன் விளிம்பு பட்ட இடமெல்லாம் பிறைபிறையாக வடு விழும், அதை எடுக்கத் தனியாக ஒரு நாள் ஆகும். சுத்தியல், டாலி இரண்டின் முகத்தையும் நைஸ் உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருங்கள். அதில் ஒரு கீறல் இருந்தால், அடிக்கு ஒரு தடவை அது தகட்டில் அச்சாகும்.

நான் முதலில் கை வைத்த ஃபெண்டரை இன்னும் மறக்கவில்லை. பள்ளத்துக்கு நேர் பின்னால் டாலியை வைத்தேன். மேலிருந்து அடித்தேன். இன்னும் அடித்தேன். பள்ளம் மேலே வந்தது, சந்தோஷப்பட்டேன். மறுநாள் விரலால் அழுத்தினால் தகடு "பொக்" என்று உள்ளே போய், விட்டதும் "பொக்" என்று வெளியே வந்தது. வெளித்தகட்டின் தடிமனே ஏறக்குறைய 0.7, 0.8 மில்லிமீட்டர்தான். சுத்தியலுக்கும் டாலிக்கும் நடுவே அதை வைத்து அடிக்க அடிக்க மெலிந்து விரியும். விரிந்த தகடு எங்கே போய் உட்காரும்? சூடு வைத்துச் சுருக்கலாம் என்றாலும் அது கை பழகியவர்கள் வேலை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் அந்த ஃபெண்டரைத் தடவிப் பார்த்துவிட்டு, டாலியை என் கையிலிருந்து வாங்கினார். வேறொரு பழைய ஃபெண்டரை எடுத்து, அதிலிருந்த பள்ளத்தின் அடியில் டாலியை வைத்து மேல்நோக்கி அழுத்திப் பிடித்தார். சுத்தியலால் பள்ளத்தைத் தொடவே இல்லை. பள்ளத்தைச் சுற்றி வரம்பு மாதிரி எழும்பி நின்ற மேட்டில் லேசாகத் தட்டினார். மேடு தாழ்ந்தது. அதே அடியில் பின்னுக்குத் தள்ளப்பட்ட டாலி திரும்ப வந்து மோதியதில் பள்ளம் ஒரு நூல் எழும்பியது. இதைத்தான் ஆஃப் டாலி என்பார்கள். ஒடுக்கின் பெரும்பகுதி இப்படித்தான் வெளியே வரும். டாலிக்கு நேராகத் தட்டுகிற ஆன் டாலி, கடைசியில் சொரசொரப்பை நிரவ மட்டும், நாலைந்து மெல்லிய தட்டு.

காதுக்கே வித்தியாசம் தெரியும். டாலிக்கு நேராக விழுந்த அடி "டிங்" என்று கணீரென்று கேட்கும். தள்ளி விழுந்தது "தொப்" என்று மந்தமாகக் கேட்கும். டாலி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் அது எங்கே இருக்கிறது என்று சொல்வது இந்தச் சத்தம்தான். சுத்தியலை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும், அடியும் சாய்வாக விழும். தளர்வாகப் பிடித்து மணிக்கட்டிலிருந்து விடுங்கள், தானாகத் துள்ளித் திரும்பும்.

எங்கே தொடங்குவது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. இடிபட்ட மையம் முதலில் உள்ளே போனது, ஓரத்து மேடுகளும் மடிப்புகளும் கடைசியில் வந்தவை. எனவே கடைசியில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும். ஓரத்து மடிப்பு பூட்டியிருக்கும்போது நடுவில் எவ்வளவு அடித்தாலும் தகடு விரியுமே தவிர எழாது.

அடுத்த கருவி உள்ளங்கை. விரல் நுனி வேண்டாம். கையைத் தட்டையாக வைத்து, நடுவே மெல்லிய பருத்தித் துணி போட்டு, நல்ல தகட்டிலிருந்து தொடங்கி ஒடுக்கைக் கடந்து மறுபக்க நல்ல தகடு வரை ஒரே இழுப்பாகத் தடவுங்கள். கண் ஏமாறுகிற இடத்தில் கை ஏமாறாது. சந்தேகம் வந்தால், தகட்டு வேலைக்கென்றே உள்ள பாடி அரத்தை ஒரு தடவை லேசாக ஓட்டுங்கள். பளிச்சென்று தெரிவது மேடு, நிறம் மாறாமல் இருப்பது பள்ளம். இதைச் செய்யாமல், பள்ளத்தை நிரப்புகிற பட்டிப் பசையை அப்பி மறைப்பது எனக்குப் பிடிக்காது. பட்டி 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதைத் தாண்டினால் விரிசல் விட வாய்ப்பு அதிகம்.

அலுமினியத் தகடு என்றால் இரும்புக்குப் பயன்படுத்திய கருவிகளைக் கொண்டுபோகாதீர்கள். ஒட்டியிருக்கும் இரும்புத்துகள் அதில் பதிந்து அரிப்பைக் கொண்டுவரும். எந்தத் தகடானாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம்.

அக்கா மகனிடம் காரைத் தொடாதே என்று சொல்லி, கழற்றிப்போட்ட ஒரு ஃபெண்டரைக் கொடுத்தேன். பின்பக்கம் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டவே அவனுக்கு ஒரு மணி நேரம் ஆனது. நேற்று சாயங்காலம் அறையில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் "டிங், டிங், டிங்" என்று கேட்டது. எழுந்து போகலாமா என்று யோசித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "தொப்". இன்னொரு "தொப்". நான் எழுந்திருக்கவில்லை.