சாரா பாலின் செய்திகள் ஓடிய இரண்டு மாதம்

2008இல் சென்னையில் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்கு இரவுப் பணி பார்த்தேன். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நண்பகல் என்றால் இங்கே இரவு ஒன்பதரை. வெளியூர்ப் பதிப்பை அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில்தான் அந்த நாட்டுத் தேர்தல் செய்தி சூடு பிடிக்கும்.

ஆகஸ்ட் 29 இரவு தயாரான பக்கத்தில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக டென்வரில் ஒபாமா ஆற்றிய ஏற்புரைதான் பெரிய செய்தி. அதை ஓரத்துக்குத் தள்ள வைத்தார் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன். அலாஸ்கா ஆளுநர் சாரா பாலின்தான் தன் துணை அதிபர் வேட்பாளர் என்று ஒஹாயோவில் அறிவித்தார்.

"யாருப்பா இந்தம்மா?" என்றார் செய்தி ஆசிரியர்.

"அலாஸ்கா கவர்னர் சார். 44 வயசு."

"அது செய்தியிலயே இருக்கு. யாருன்னு கேட்டேன்."

யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்க நிருபர்களே அன்று இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மெக்கெய்ன் மனதில் இருந்தவர் ஜோ லீபர்மேன். 2000இல் அல் கோருடன் ஜனநாயகக் கட்சி சார்பில் துணை அதிபர் பதவிக்கு நின்றவர், கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர். அவரைக் கொண்டுவந்தால் மாநாட்டில் கலகம் வெடிக்கும் என்று, கருக்கலைப்பை எதிர்த்த குடியரசுக் கட்சியினர் மிரட்டினார்கள். பிறகு நடந்ததெல்லாம் அவசர வேலை. அறிவிப்புக்கு முந்தைய நாள்தான் மெக்கெய்ன் தன் அரிசோனா பண்ணை வீட்டில் பாலினை உட்காரவைத்துப் பேசினார். நம் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அதைவிட அதிகம் விசாரிப்பார்கள்.

ஆனால் முதல் இரண்டு வாரம் மெக்கெய்ன் அவசரத்தில் போட்ட கணக்கு பலித்தது. செப்டம்பர் 3 அன்று செயின்ட் பால் நகரில் நடந்த கட்சி மாநாட்டில் பாலின் பேசியபோது அரங்கம் ஆர்ப்பரித்தது. சில கருத்துக் கணிப்புகளில் மெக்கெய்ன் ஒபாமாவை முந்தினார். தோற்ற பிறகு எழுதியவர்கள் பலரும் இதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானது. பொருளாதாரத்தின் அடிப்படை வலுவாக இருக்கிறது என்று மெக்கெய்ன் அன்றைக்கே பேசிவைத்தார். அந்தச் சரிவுக்குக் காரணமான வீட்டு அடமானக் கடன் பத்திரங்களைத் தமிழில் புரியவைக்க நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். பாலின் செய்திக்கு அந்தப் பாடு கிடையாது. படம் இருக்கும், சிரிப்பு இருக்கும், நாலு பத்தியில் முடியும். அதனால் எது முன்னால் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி கூரிக் பாலினை எடுத்த பேட்டி வந்த இரவு அலுவலகமே சிரித்தது. எந்தெந்தப் பத்திரிகைகள் படிப்பீர்கள் என்று அவர் கேட்க, பாலினால் ஒரு பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஓய்வு பெறும் வயதிலிருந்த மூத்த உதவி ஆசிரியர் மட்டும் சிரிக்காமல் 1972 கதையைச் சொன்னார். அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரான மெக்கவர்ன், தன் துணை வேட்பாளர் ஈகிள்டன் மனச்சோர்வுக்காக மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றிருந்தது வெளியே வந்தபோது, முதலில் அவருக்கு முழு ஆதரவு என்றார். அப்புறம் சில நாளிலேயே கழற்றிவிட்டார். கடைசியில் 49 மாநிலங்களில் தோற்றார். "மெக்கெய்ன் கழற்றிவிட மாட்டார் பாருங்க" என்றார் அவர். அப்படியே நடந்தது.

அக்டோபரில் அடிமேல் அடி. பாலின் ஆளுநர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று அலாஸ்கா சட்டமன்றம் நியமித்த விசாரணையாளர் அறிக்கை கொடுத்தார். அவருடைய உடைகளுக்குக் கட்சி 1,50,000 டாலர் செலவழித்தது வெளியானது. குடியரசுக் கட்சிக்காரரும் முன்னாள் வெளியுறவு அமைச்சருமான காலின் பவல், பாலின் அதிபர் பொறுப்புக்குத் தயாரானவர் இல்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி ஒபாமா பக்கம் போனார்.

பாலினால்தான் மெக்கெய்ன் தோற்றார் என்று எங்கள் டீக்கடை விவாதத்தில் பலரும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் இல்லை. தோற்கடித்தது பொருளாதாரம். ஆனால் ஒபாமாவுக்கு அனுபவம் போதாது என்பதுதான் மெக்கெய்ன் கையில் இருந்த பெரிய ஆயுதம். 72 வயதில், இரண்டு ஆண்டுகூட ஆளுநராக இருந்திராத ஒருவரைத் தனக்கு அடுத்த இடத்தில் நிறுத்தியதும் அது மழுங்கிவிட்டது. வங்கிகள் சரிந்தபோது, அனுபவசாலி வேண்டும் என்று அடித்துச் சொல்ல அவருக்கு வாயில்லை.

அதிபர் யார் என்பதை முடிவு செய்யும் தேர்வாளர் வாக்குகள் ஒபாமாவுக்கு 365, மெக்கெய்னுக்கு 173. லீபர்மேனையே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று 2018இல் வெளிவந்த தன் நூலில் மெக்கெய்ன் எழுதினார். பாலின் மீது பழி போடவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. லீபர்மேனோடு நின்றிருந்தாலும் அந்த ஆண்டு ஜெயித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. லேமன் செய்தியோடு கட்சி உடைந்த செய்தியையும் சேர்த்து நாங்கள் போட்டிருப்போம்.