லபூட்டாவோடு ஒரு வாரம்

ஆகஸ்ட் 2, சனி

1986இல் இதே நாளில்தான் ‘லபூட்டா: வானத்துக் கோட்டை’ ஜப்பானில் திரைக்கு வந்தது. ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கியது. ஸ்டூடியோ கிப்லி என்னும் அனிமேஷன் நிறுவனம் தொடங்கியபின் எடுத்த முதல் படம். அண்ணன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து இன்று மறுபடி பார்த்தேன்.

வானத்திலிருந்து ஷீட்டா என்ற சிறுமி விழுகிறாள். கழுத்திலிருக்கும் கல் ஒளிர, இறகு மாதிரி மிதந்து இறங்குகிறாள். சுரங்க ஊர்ப் பையன் பாஸு ஓடிப்போய்க் கையேந்துகிறான். கையில் கிடக்கும்போதும் எடையே இல்லை. கல்லின் வெளிச்சம் அணைந்ததும் சட்டென்று கனத்துவிடுகிறாள். பையன் தடுமாறிப் போகிறான். “விட்றாதடா!” என்று கத்திவிட்டாள் அண்ணன் மகள். அந்தப் பாரம் இறங்கிய பிறகுதான் நானும் மந்திரக் கல்லை நம்பினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

லபூட்டா என்ற அந்தப் பறக்கும் தீவின் பெயர் 1726இல் வந்த ‘கல்லிவரின் பயணங்கள்’ கதையில் இருப்பது. பாஸுவின் ஊரோ பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள சுரங்க ஊர்களைப் பார்த்து வரைந்தது. பிரிட்டனில் 1984-85இல் சுரங்கத் தொழிலாளர்கள் ஏறத்தாழ ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். அந்த ஊர்களை மியாசாகி நேரில் பார்த்தவர். கடைசிவரை போராடிய அந்த மனிதர்கள்மேல் தமக்கிருந்த மதிப்பைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். படத்தில் முதலாளி வில்லனாக வரவில்லை. வேலை குறைந்துபோன ஊர், கரி படிந்த முகங்கள், ஆனாலும் கொள்ளையர் வந்தால் பிள்ளைகளுக்காகத் தெருவில் இறங்கி நிற்கிறார்கள். சுரங்கத்துக்குள் ஒளிந்திருக்கும்போது ரொட்டிமேல் வைத்த பொரித்த முட்டையைப் பாஸு பாதியாக்கிக் கொடுப்பான். இன்று காலை எங்கள் வீட்டிலும் அண்ணன் மகள் அதுதான் கேட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

மூன்று நாளாக அவளுக்கு ரோபோ நினைப்புதான். ராணுவக் கோட்டையைத் தீக்கிரையாக்கும் அதே வகை ரோபோ, லபூட்டாவின் தோட்டத்தில் தன்னந்தனியாகத் திரிகிறது. பாஸுவும் ஷீட்டாவும் வந்திறங்கிய கிளைடரைத் தூக்குகிறது. உடைக்கப்போகிறது என்று ஷீட்டா பதறுகிறாள். அடியில் பறவைக் கூடு, முட்டைகள்! இந்தக் காட்சிக்குப் பிறகு அதை ஆயுதம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

“அத்தை, வானத்துக் கோட்டை உடைஞ்சப்போ ரெண்டு பேரும் எப்படி விழல?” என்றாள்.

அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டேன். கீழ்ப்பாகம் மொத்தமும் கடலில் கொட்டுகிறது. மேலே பெரிய மரம் மட்டும் மிஞ்சுகிறது. அதன் வேர்களில் சிக்கிக் கிடக்கிறார்கள் இருவரும்.