காலை முடிச்சு, மாலை முடிச்சு

“இன்னா சிஸ்டர், பையத்தான் எடுத்துட்டீங்களே, வயிறு மட்டும் அப்படியே கீதே?”

டிஸ்சார்ஜ் அன்றைக்கு பில் கட்டி, மாத்திரை வாங்கி, ஃபிளாஸ்க்கும் கூடையுமாகக் கிளம்புகிற நேரத்தில் மாமியாரோ நாத்தனாரோ இதைக் கேட்பார்கள். கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவர் கேட்கமாட்டார். கொசுவத்தைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் காது இங்கேதான் இருக்கும். வேலூர்ப் பக்கம் பெண்கள் வார்டில் 22 வருஷம் நர்ஸாக இருந்திருக்கிறேன். முதல் பத்து வருஷம் இந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்தது ஒரே வார்த்தை: “சரியாப்பூடும்.” பொய்யில்லைதான். பதில் என்றும் சொல்ல முடியாது.

கர்ப்பப்பை என்றதும் ஜனங்களுக்குப் பெரிய பை ஒன்று மனசில் வருகிறது. பிரசவ கால ஞாபகம். சாதாரண நாளில் அது ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். பிள்ளை பெற்றவர்களுக்கே 100 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். அதை எடுப்பதால் வயிறு உள்ளே போய்விடாது. கட்டி இருந்தால் கதை வேறு. கட்டியோடு பெருத்த கர்ப்பப்பையை டாக்டர்கள் கர்ப்பக் கணக்கில்தான் அளப்பார்கள், “16 வார சைஸ்” என்று. ஒரு தடவை அதைக் காதில் வாங்கிய கணவர் ஒருவர் என்னை வராண்டாவுக்குத் தனியாகக் கூப்பிட்டு, “16 வாரமா சிஸ்டர்? நான் துபாய்லேர்ந்து வந்தே ஒரு மாசம்தான் ஆவுது” என்றார். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து விளக்கவேண்டியிருந்தது. உள்ளே படுத்திருந்த அந்த அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது என்று நம்புகிறேன்.

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு மூன்று நாள் எங்கள் விசாரணையெல்லாம் காற்றைப் பற்றித்தான். உள்ளே கைபட்ட குடல் சில நாள் சோம்பிக் கிடக்கும். வலிக்குக் கொடுக்கிற மருந்துகளில் சில அதை இன்னும் மந்தமாக்கும். வயிறு தம்மென்று ஏறி நிற்கும். லேப்ராஸ்கோப்பி என்றால் வயிற்றை விரிக்கக் கரியமில வாயுவைச் செலுத்தியிருப்பார்கள். மிச்சம் இருப்பது கரையும்வரை தோள்பட்டையில் வலி எடுக்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுச்சுவரான உதரவிதானத்தை உறுத்தினால் அதன் நரம்பு தோளில்தான் வலியைக் காட்டும். “வயித்துல ஆபரேஷன் பண்ணிட்டு தோள் வலிக்குதுன்றாங்களே, ஹார்ட்டா?” என்று நடுராத்திரியில் மகன்கள் ஓடிவருவார்கள்.

“காத்து பிரிஞ்சுதாம்மா?” ரவுண்ட்ஸில் பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது கேட்கிற கேள்வி இது. 45 வயது அம்மா என்ன சொல்வார்? “ம்” என்பார். அந்த “ம்” கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். ஒரு மணி நேரம் கழித்துத் தனியாகப் போய்க் கேட்டால், “எங்க சிஸ்டர், அத்தினி ஆம்பளைங்க நிக்கறப்ப இல்லன்னு சொன்னா இன்னும் கேப்பாங்கோ, அதான்” என்பார். அதனால் என் ஜூனியர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, ரவுண்ட்ஸ் “ம்”மை நம்பாதே என்பதுதான்.

அதைவிடப் பெரிய தப்பு நான் பண்ணியது, போனில்.

டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு வார்டு நம்பரைக் கொடுத்து அனுப்புவோம். ஒரு ராத்திரி ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து போன். ஆபரேஷன் ஆகி ஒன்பதாம் நாள். “வயிறு உப்புசம் தாங்கல சிஸ்டர்.” காய்ச்சல் இருக்கா என்றேன், இல்லை. தையலில் சீழ்? இல்லை. பக்கத்துக் கட்டிலில் டிரிப் முடிந்து ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. “எல்லாருக்கும் இருக்கறதுதாம்மா, வெந்நி குடிச்சிட்டு கொஞ்சம் நடங்க” என்று வைத்துவிட்டேன். வாந்தி இருந்ததா, காற்றும் மலமும் போகிறதா, இரண்டையும் கேட்கவில்லை. மறுநாள் மதியம் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். குடல் அடைப்பு. மூக்கு வழியாகக் குழாய் விட்டதும் பச்சைத் தண்ணீராக வந்தது. மூன்று நாள் வாயில் ஒன்றும் கொடுக்காமல் டிரிப்பிலேயே வைத்துப் பார்த்தார்கள். மறுபடி கத்தி வைக்காமலே திறந்துகொண்டது, அந்த அம்மா பிழைத்தார், நானும் பிழைத்தேன். குழாயை எடுத்த அன்று என்னைப் பார்த்து, “நீதான போன்ல பேசின சிஸ்டர்? குரல் புரிஞ்சுபோச்சு” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருஷம் ஞாபகத்தில் நின்றிருக்காது.

அதற்குப் பிறகுதான் அவர்கள் சொல்கிற வார்த்தைகளைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். நாங்கள் எல்லாவற்றையும் “வீக்கம்” என்று ஒரே கட்டாகக் கட்டி எழுதிவிடுகிறோம். அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. உப்புசம் என்றால் காற்று. சாப்பிட்டதும் ஏறும், ஏப்பத்திலோ கீழேயோ போனால் இறங்கும். வீக்கம் என்று சொல்லும்போது கை சரியாகத் தையலுக்கு மேலே போகும். குறுக்குத் தையல் போட்டவர்களுக்குக் கோட்டுக்கு மேலே திண்ணை மாதிரி ஒரு மேடு நிற்கும். நிணநீர் போகிற சின்னச் சின்னப் பாதைகள் அந்த வெட்டில் அறுந்திருக்கும். வடிகால் இல்லாத நீர் அங்கே தேங்கும். கனம் என்பது இன்னொன்று, ரொம்ப நேரம் நின்றபின் அடிவயிற்றில் இழுக்கிற பாரம். “மரமரன்னு கீது, என் தோலே இல்ல போல” என்றால் தோல் நரம்புகள் அறுந்த இடம். உணர்ச்சி திரும்ப மாதக்கணக்காகும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு சிலருக்குத் திரும்பாமலே போகலாம். “கல்லு மாதிரி கீது, ஒண்ணும் எறங்கல, கொமட்டுது” என்றால் மேற்கொண்டு பேச்சு வேண்டாம், உடனே வண்டி ஏறச் சொல்லவேண்டியது. அதே வேகத்தில் வரச்சொல்வது இன்னும் சில உண்டு: காய்ச்சல், நாற்றமடிக்கிற கசிவு, ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனைகிற ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, சிறுநீர் வராமல் முட்டுவது அல்லது தானாக ஒழுகுவது.

தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க 2022-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. 2023-ல் உச்ச நீதிமன்றமும் மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்தவேண்டும் என்று சொன்னது. நல்லது, வேண்டியதுதான். ஆனால் எடுத்த பிறகு அந்தப் பெண் எந்தப் பாவாடையை எங்கே கட்டுவாள் என்று எந்தக் காகிதமும் சொல்லாது. பாவாடை நாடா விழுகிற இடமும் அந்த மேடும் ஒன்று. இறுக்கிக் கட்டினால் நாடாத் தடம் பள்ளமாகி, மேடு அதற்கு மேலே பிதுங்கும். இரண்டு மாதம் நைட்டி போடுங்கள், விசேஷத்துக்குப் புடவை கட்டினால் நாடாவை மேடு முடிகிற இடத்துக்கு ஏற்றித் தளர்வாகக் கட்டுங்கள் என்று நான் சொல்வது என் அனுபவத்தில் கற்றது. பெல்ட்டும் அப்படித்தான். நடக்கும்போது, இருமும்போது பிடிமானம் கொடுக்கும். பிரசவத்துக்குக் கட்டுகிற வயிற்றுக்கட்டு மாதிரி மூச்சு முட்டக் கட்டிக்கொண்டு படுத்தால் வயிறு கரையும் என்று நினைப்பவர்களிடம்தான் தகராறு.

பத்தியத் தகராறு தனி. தண்ணீர் குடித்தால் வயிற்றில் கோத்துக்கொள்ளும், பருப்பு சீழ், கத்தரிக்காய் கரப்பான். எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வார்டில் அது இன்னும் தடைசெய்யப்பட்ட பொருள்தான். அதை விட்டுக்கொடுத்துவிடுவேன். தண்ணீரை விடமாட்டேன். இரும்புச் சத்து மாத்திரையே மலத்தை இறுக்கும். தண்ணீரும் குறைத்து, கீரையும் நிறுத்தி, முக்கினால் உள்ளே தையல் என்னவாகும்?

ஆறு வருஷத்துக்கு முன்னால் என்னை வீட்டுப் பார்வைப் பிரிவுக்கு மாற்றினார்கள். முட்டி வலிக்காரிக்கு இது தண்டனை என்று முணுமுணுத்தேன். குடியாத்தத்தில் ஒரு பீடி சுற்றும் அக்கா வீட்டுக்குப் போனது அப்படித்தான்.

அவருக்கு ஐந்தாவது வாரம். தரையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வழக்கமாக மடியில் இருக்கிற முறம், கவிழ்த்துப்போட்ட பலகை மேல் இருந்தது. “மடில வச்சா வெளிம்பு தையல் மேல இடிக்குது சிஸ்டர்.” நனைத்த இலை, கத்தரி, தூள், நூல்கண்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். நாளுக்கு 800 சுற்றியவர். அன்று 300 கூட ஆகவில்லை.

வயிறு எப்படி இருக்கிறது என்று நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். எழுந்துபோய் காலண்டர் ஆணியிலிருந்து ஐந்து நூல்களை எடுத்துவந்து என் மடியில் போட்டார். பீடிக்குக் கட்டுகிற நூல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி ஒரு நூல். வயிற்றைச் சுற்றி அளந்து, காலையில் எழுந்ததும் ஒரு முடிச்சு, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு முடிச்சு. முதல் நூலில் இரண்டு முடிச்சுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தேன், நாலு விரல்.

ஐந்தையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினோம். காலை முடிச்சு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்திருந்தது. மாலை முடிச்சும் கூடவே வந்து, நாலாவது நூலில் மட்டும் திடீரென்று வெளியே எகிறி நின்றது. நான் அதைத் தொட்டதுமே, “அன்னிக்கு லாரித் தண்ணி வந்துது” என்றார். நாலு குடம். ஒரு நிறைகுடம் 15 கிலோவுக்குக் குறையாது. ஆறு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லியனுப்புவது சும்மா இல்லை. ஆறாவது வாரத்தில்கூட உள்ளே தைத்த சவ்வு பழைய பலத்தில் ஏறக்குறைய பாதிக்குத்தான் வந்திருக்கும். ஆனால் லாரி வந்தால் குடத்தை யார் எடுப்பது? மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனி ஷிப்ட், மாமியாருக்குக் கண் தெரியாது. இதற்கு என் டிஸ்சார்ஜ் அட்டையில் பதில் இல்லை. அரைக்குடமாக இரண்டு தடவை என்று முடிவானது. அதுவும் கூடாதுதான், ஒத்துக்கொண்டு வந்தேன்.

ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து ஜாக்கெட் நனைய உட்கார்ந்திருப்பதையும் அன்றுதான் சொன்னார். வேலூர் மே மாதத்தில் எது வெயில், எது உடம்புக்குள்ளிருந்து வருகிற அனல் என்று யாருக்குத் தெரியும்? அட்டையைப் பார்த்தேன், சினைப்பை இரண்டையும் சேர்த்து எடுத்திருந்தார்கள். மாதவிடாய் நிற்கிற காலத்துத் தொல்லையெல்லாம் ஒரே நாளில் இவர் தலையில் இறங்கியிருக்கிறது. சினைப்பையை விட்டுவைத்திருந்தால் அப்படி இறங்காது. என்ன எடுத்தார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை. “பைய எடுத்தாங்கோ” அவ்வளவுதான். மறு பரிசோதனையில் டாக்டரிடம் கேட்கவேண்டியதை அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தேன், எலும்பு தேய்வது உட்பட.

கிளம்பும்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். தையல் காட்டப் போனபோது டவுன் பஸ்ஸில் காலேஜ் பெண் ஒன்று எழுந்து, “உக்காருங்கக்கா, இந்த நேரத்துல நிக்கக்கூடாது” என்று இடம் கொடுத்ததாம். “46 வயசுல எனக்கு மாசம்! நானும் ஒண்ணும் சொல்லல, உக்காந்துகினேன். எடம் கெடைச்சா போதும்னு இருந்துது.” சிரித்தவர் முந்தானையை இழுத்து வயிற்றின் மேல் விட்டுக்கொண்டார்.

“எப்ப சிஸ்டர் ரெண்டு முடிச்சும் ஒண்ணாவும்?”

மூன்று மாதம் ஆகலாம், சிலருக்கு ஆறு மாதமும் இழுக்கும், காலை முடிச்சு உள்ளே வருகிறவரை பயம் வேண்டாம், அதுவும் வெளியே போக ஆரம்பித்தால் அன்றைக்கே கிளம்பி வாருங்கள் என்றேன். அவர் மாமியார் திண்ணையிலிருந்து, “அப்ப சரியாப்பூடுமா?” என்று குரல் கொடுத்தார்.

ஐந்தாவது மாதம் வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். முறம் மடிக்குத் திரும்பியிருந்தது. ஆணியில் நூல் இல்லை.

“ஒரு விரல் கீது இன்னும். கெடந்துட்டுப் போவட்டும்” என்றார்.

அந்த நூலையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வேண்டும் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

“இன்னா பண்றது, முடிச்ச அவுத்துட்டு பீடிக்குச் சுத்திட்டேன்.”