மோரே கேட்டைத் தாண்டி நாம்பலாங் மார்க்கெட்: ஒரு வியாசர்பாடிக்காரனோட பர்மா பார்டர் பயணம் (பிப்ரவரி 2019)

முதல்ல அந்த மூணு சக்கர வண்டிக்காரன் கதையைச் சொல்லிடறேன், இன்னும் கடுப்பு அடங்கல. மணிப்பூர்ல மோரேன்னு ஒரு ஊரு, அதான் பார்டர். ரெண்டாம் நம்பர் கேட்டைத் தாண்டி பர்மாக்குள்ள கால் வச்ச உடனே நாம்பலாங் மார்க்கெட், அங்கேருந்து தாமு டவுன் ஒரு அஞ்சு கிலோமீட்டர் இருக்கும், அதுக்கு 500 ரூபா கேக்கறான்! நம்ம சென்னை வியாசர்பாடியில இருந்து பாரிஸ் கார்னர் போக ராத்திரி ஆட்டோக்காரன் கூட அவ்ளோ கேக்க மாட்டான். கூட வந்த மோரே தமிழ் அண்ணன் பர்மீஸ்ல ரெண்டு வார்த்தை பேசினதும் 200க்கு இறங்கிட்டான். திரும்பி வரும்போது பகோடா (அங்கத்த புத்தர் கோயில்) வாசல்ல நின்னதுக்கு வெயிட்டிங்னு இன்னொரு 150. அப்போ கேட்டை சாயங்காலம் 4 மணிக்கு சாத்திட்டு இருந்தாங்க, அது நம்ம டைம். பர்மா கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும். அவன் தன்னோட வாட்ச்ல நாலு மணியைக் காட்டி, கேட் மூடப்போவுதுன்னு அவசரப்படுத்தியே துட்டை வாங்கிட்டான். போறவங்க நம்ம ஊரு டைமை மட்டும் நம்புங்க, போற ரேட் வர்ற ரேட் ரெண்டையும் ஏர்றதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

சென்னையில இருந்து இம்பால் வரைக்கும் சொல்ல ஒண்ணும் இல்ல. இம்பால்ல இருந்து மோரே 110 கிலோமீட்டர் சொச்சம், ஷேர் வண்டிதான். பல்லேல் வரைக்கும் சமவெளி, அப்புறம் மலை ஏறுது பாருங்க, ரோட்டை அகலப்படுத்தறோம்னு தோண்டிப் போட்டு ஒரே மண்ணு, கடைசி சீட்டுல என் முட்டி முன்சீட்டு கம்பியிலயே இடிச்சுக்கினு வந்துச்சு. நடுவுல செக்போஸ்ட்ல எல்லாரும் இறங்கணும், ஐடி காட்டணும், திரும்பி வர்றப்ப பையை முழுசா பிரிச்சு பாக்கறாங்க. முன்சீட்டுக்கு நூறு ரூபா கூட கேட்டாலும் குடுத்துடுங்க.

2019ல கேட்டுல ஐடியைக் குடுத்துட்டு சின்னதா ஒரு ஃபீஸ் கட்டினா பகல் பூரா உள்ள சுத்த விட்டாங்க, நம்ம ரூபாயே செல்லுச்சு. கம்பளி, செருப்பு, ஃப்ளாஸ்க், குடை, பிளாஸ்டிக் பூ, கருவாடு, அரைச்சு கன்னத்துல பூசிக்கற தனக்கா கட்டை, எல்லாம் ஆளு உயரத்துக்கு குவிஞ்சு கெடக்கு, பாதி சரக்கு சைனா, பாதி தாய்லாந்து. கம்பளி மட்டும் நெஜமாவே சீப்பு, கனமானது ஒண்ணு 600க்கு முடிச்சேன். எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போவவே வேணாம். பவர் பேங்க், ஹெட்போன் எல்லாம் நம்ம சென்னை பர்மா பஜார்லயே கம்மியா கெடைக்கும், ரிப்பேர்னா திரும்பப் போய் சண்டையும் போடலாம்.

சாப்பாடுதான் மேட்டரு. சென்னை பீச் ஸ்டேஷன் எதிர்ல அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) வாழைத்தண்டு சூப்பும் சாப்ட்டு வளர்ந்த நாக்கு எனக்கு. நாம்பலாங்ல கன்னத்துல தனக்கா பூசின ஒரு அக்கா மொய்ங்கா போட்டுக் குடுத்தாங்க, அரிசி நூடுல்ஸ், மேல மீன் குழம்பு, அதுல வாழைத்தண்டு, கடலைப்பருப்பு வடையை நொறுக்கிப் போட்டு, எலுமிச்சை புழிஞ்சு, வறுத்த மிளகாய்த்தூள். நம்ம ஊருல சூப்பு தனியா கிண்ணத்துல தொணைக்கு வரும், அங்க அதுதான் சாப்பாடே. மீன் வாசனை தூக்கலா, சூடா, ஐயோ செம! நாப்பது ரூபாதான். ரெண்டு கிண்ணம் காலி பண்ணிட்டுதான் எழுந்தேன்.

ஆனா நான் இவ்ளோ தூரம் போனதே மோரே தமிழ் ஆளுங்களைப் பாக்கத்தான். 1962ல பர்மா ராணுவ ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடிச்சப்புறம் கடை கண்ணியெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிச்சு, நம்ம ஜனங்க கப்பலேறி மெட்ராஸ் வந்தாங்க. அவங்களுக்குப் பொழப்புக்குப் போட்டதுதான் பர்மா பஜார், வியாசர்பாடியில பாதி தெரு அவங்கதான். இங்க ஒட்டாம திரும்ப பர்மாவுக்கே நடந்து போயிடலாம்னு கெளம்பினவங்களை பார்டர்லயே தடுத்து திருப்பி அனுப்பிட்டாங்க, அவங்க அப்படியே தங்கின ஊரு மோரே. அங்காள பரமேஸ்வரி முனீஸ்வரர் கோயில் கட்டி, தமிழ்ச் சங்கம் வச்சு, இன்னிக்கும் இட்லி சுட்டுக்கினு இருக்காங்க. கோயில் வாசல்ல ஒரு பாட்டி நான் வியாசர்பாடின்னதும் கையைப் புடிச்சுக்கினு, எந்தத் தெரு, யார் வூட்டுப் புள்ளன்னு கேட்டாங்க. எங்க தெரு ஆயா கேக்கற மாதிரியே இருந்துச்சு, எனக்குப் பேச்சே வரல. ஒரே ஜனம் ரெண்டா பிரிஞ்சு கெடக்கு, ஒண்ணு கடலைத் தாண்டி வடசென்னையில, ஒண்ணு கேட்டுக்கு இந்தப் பக்கம்.

அதனால இம்பால்ல இருந்து காலையில போய் சாயங்காலம் ஓடி வர்றது வேஸ்ட்டு. மோரேல ஒரு ராத்திரி தங்கறதுதான் சரி, அப்போ சாதாரண லாட்ஜ் 500, 600க்கு கெடைச்சுது. காலையில கோயில், இட்லி, அப்புறம் கேட் தொறந்ததும் மார்க்கெட்னு அப்போ போக முடிஞ்சுது. 2018 ஆகஸ்ட்ல இருந்து பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தா அந்த வழியா பர்மாக்குள்ள தூரமாவே போக விட்டாங்க. அங்க மண்டலேன்ற பெரிய ஊரு வரைக்கும் போவணும்னு எனக்கு ஆசை, அப்போ கையில துட்டு இல்ல.