ஃபாண்டம் பெயின்: ஒரு கோடைக்கால ஆட்டக் குறிப்பு

மே 3

ஹிடியோ கோஜிமாவின் இயக்கத்தில் 2015 செப்டம்பர் 1 அன்று வெளிவந்த 'மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபாண்டம் பெயின்' விளையாட்டை இந்தக் கோடையில்தான் ஆடத் தொடங்கியிருக்கிறேன். வந்த புதிதில் அதைத் தாங்கும் கணினி வீட்டில் இல்லை. இப்போதோ, சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டிலேயே எங்கும் திக்காமல் ஓடுகிறது. பிஎஸ் 3 போன்ற முந்தைய தலைமுறைக் கன்சோல்களிலும் இதே விளையாட்டை ஓட வைத்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், ஃபாக்ஸ் இன்ஜின் என்னும் அதன் மென்பொருள் அடித்தளத்தை எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம் விளங்கும்.

கதை 1984இல் நடக்கிறது. ஒன்பது ஆண்டுகள் கோமாவில் கிடந்த நாயகன் சைப்ரஸ் நாட்டு மருத்துவமனை ஒன்றில் கண் விழிக்கிறான். விழித்த கையோடு, அவனைக் கொல்ல ஒரு படையே உள்ளே நுழைகிறது. எழுந்து நிற்கக்கூட வலுவில்லாத அவனைத் தரையோடு தரையாகத் தவழ வைத்து, நெருப்பு மனிதனையும் வானத்தில் நீந்தும் நெருப்புத் திமிங்கிலத்தையும் கோஜிமா காட்டும் அந்த முன்கதை பார்க்கப் பிரமாதம். ஆனால் ஆடுபவனுக்கு அதில் வேலையே இல்லை. கன்ட்ரோலரின் குச்சியை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தால் போதும், மற்றதை இயக்குநர் பார்த்துக்கொள்கிறார்.

மே 5

ஆப்கானிஸ்தானுக்கு வந்த பிறகுதான் மூச்சு விட முடிகிறது. சோவியத் படைகளிடம் சிக்கிக் கிடக்கும் பழைய கூட்டாளி மில்லரை மூன்று நாளுக்குள் மீட்க வேண்டும் என்று சொல்லி, ஒரு குதிரையையும் பைனாகுலரையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எந்த வழியில் போவது, பகலில் நுழைவதா இரவில் நுழைவதா என்பதெல்லாம் நம் பாடு.

ஓப்பன் வேர்ல்டு என்ற பெயரைக் கேட்டு, எந்தத் திசையிலும் போகலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சாலையின் இரு பக்கமும் ஏற முடியாத பாறைச் சரிவுகள். அந்தச் சாலையில் சிறு காவல் முகாம்களைக் கோத்து வைத்திருக்கிறார்கள். ஒன்றைக் கடக்காமலோ சுற்றிப் போகாமலோ அடுத்ததற்குப் போக முடியாது. முதலில் இது எரிச்சலாக இருந்தது. ஆனால் ஒரு முகாமின் எதிரே குன்றில் குப்புறப் படுத்துக்கொண்டு பைனாகுலரில் பார்க்கத் தொடங்கியதும் எரிச்சல் போய்விட்டது. யார் எங்கே நிற்கிறான், யாருடைய நடை யாருடைய பார்வையில் படுகிறது, மின்சாரம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது, தலைமை முகாமோடு பேசும் வானொலிக் கருவி எந்தக் கூடாரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளும் அந்த நேரம்தான் எனக்கு முதல் நாளிலேயே பிடித்துப்போனது. மின்பெட்டியைக் கெடுத்தால் இருட்டு. வானொலியைக் கெடுத்தால், ஆபத்து என்று கூவினாலும் அந்தக் கூவல் முகாமைத் தாண்டாது. திடீரென்று மணற்புயல் வந்தால் அத்தனை கணக்கும் தலைகீழாகிவிடும். அப்போது நடு முகாமின் குறுக்கே நிமிர்ந்தே நடந்து போய்விடலாம்.

மே 10

விடுமுறைக்கு மதுரையிலிருந்து அக்கா மகன் வந்திருக்கிறான். அவன் ஆட்டத்தைத் தனியே சேமிக்க ஒரு சேவ் ஃபைல் போட்டுக் கொடுத்தேன். என் ஆட்டமும் அவன் ஆட்டமும் வேறு. நான் இரவு பார்த்து, ஊர்ந்து போகிறவன். அவன் பட்டப்பகலில் தூரத்திலிருந்து மயக்க ஊசித் துப்பாக்கியால் ஒவ்வொருவன் தலையிலும் சுட்டுச் சாய்த்துவிட்டு நிதானமாக உள்ளே போகிறவன்.

இன்று மதியம் அவன் அலுத்துக்கொண்டான்: "மாமா, நான் ஒண்ணுமே பண்ணலை. இவனுங்க எல்லாம் ஹெல்மெட்டோட நிக்கிறானுங்க. ஊசி இறங்கவே மாட்டேங்குது."

"நீ தலையிலேயே சுட்டா அவன் வேற என்னடா பண்ணுவான்?" என்றேன்.

என் ஃபைலில் ஹெல்மெட் அவ்வளவாக இல்லை. மாறாக, இருட்டில் பார்க்கும் கண்ணாடி முளைத்திருக்கிறது. புகை, மயக்க வாயு என்று வீசிக்கொண்டிருந்தால் முகமூடி வரும். நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் மார்புக் கவசம் வரும். நாம் எதில் தேர்ந்தவர்களோ அதையே எதிரி அடைக்கிறான். இதில் இன்னொரு படியும் உண்டு. விளையாட்டில் நாம் கட்டிக்கொண்டு போகும் படைத்தளத்து ஆட்களை அனுப்பி, ஹெல்மெட் வரும் சரக்கையே வழியில் அழித்துவிடலாம். கொஞ்ச நாளைக்கு முகாம்களில் மீண்டும் வெறுந்தலைகள் தென்படும். கஷ்டமான நிலை, சுலபமான நிலை என்று மெனுவில் கேட்கும் விளையாட்டுகள் எத்தனையோ; ஆடுபவனின் கையைப் பார்த்துத் தானாக மாறுகிற ஒன்றை இவ்வளவு பெரிய பொருட்செலவில் நான் வேறெங்கும் ஆடியதில்லை.

பையன் நாலைந்து முறை செத்ததும் விளையாட்டு அவனுக்குக் கோழித் தொப்பி வேண்டுமா என்று கேட்டது. அதைப் போட்டுக்கொண்டால் காவலர்கள் பார்த்தாலும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். மானம் முக்கியம் என்று மறுத்துவிட்டான்.

மே 12

அக்னி நட்சத்திர வெயில். மாலையில் மின்சாரம் போய்விட்டது. நினைத்த இடத்தில் சேமித்துக்கொள்ள இந்த விளையாட்டு விடுவதில்லை. அது வைத்த செக்பாயிண்டில்தான் திரும்பத் தொடங்க வேண்டும். முகாமின் முக்கால்வாசியை முடித்திருந்தேன். சென்னையில் கோடைக்காலத்தில் ஆடுகிறவர்களுக்கு இது சின்னக் குறை இல்லை.

மே 17

ஃபுல்டன் பலூனைப் பற்றி எழுதாமல் இந்த விளையாட்டைப் பற்றி எழுத முடியாது. மயக்கிப் போட்ட வீரனின் முதுகில் ஒரு பலூனைக் கட்டிவிட்டால், அவன் ஒரு கணம் தரைக்கு மேல் தொங்கி, பிறகு அலறிக்கொண்டே வானத்துக்குப் பறந்து, செஷல்ஸ் கடலில் இருக்கும் நம் தளத்தில் நமக்கே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறான். ஆட்டையும் அப்படியே அனுப்பலாம். கருவியை மேம்படுத்திய பிறகு ஜீப்பையும் கன்டெய்னரையும்கூட அனுப்பலாம். இது கேலிக்கூத்து என்று விளையாட்டுக்கே தெரியும். இருந்தாலும் இதனால் ஆட்டத்தின் நெறியே மாறுகிறது: கொன்றால் ஒரு பிணம், மயக்கினால் ஒரு பொறியாளரோ மருத்துவரோ. யாரையும் கொல்லாதே என்று யாரும் உபதேசம் செய்யவில்லை. கொல்வது நஷ்டம் என்று மட்டும் ஆக்கிவிட்டார்கள்.

இதுபோன்ற சின்னக் கைவரிசைகள் நிறைய. ரஷ்ய மொழி தெரிந்தவனைத் தூக்கி வரும்வரை, பிடிபட்ட சோவியத் வீரன் என்ன உளறினாலும் நமக்குப் புரியாது. மேலிருந்து வரவழைக்கும் சரக்குப் பெட்டியைக் காவலன் மண்டையில் இறக்கலாம். அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்து போவதை இந்தத் தொடரின் பழைய ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கால் அவதிப்படும் ஒருவனின் சத்தத்தைக் கேசட்டில் கைப்பற்றி, கழிப்பறைக்குள் பதுங்கிக்கொண்டு அதை ஓட விட்டால், தேடி வந்தவன் கதவைத் திறக்காமலே போய்விடுகிறான். நானும் பையனும் வயிறு வலிக்கச் சிரித்தோம், அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் ரெண்டு பேரும் சாப்பிடக்கூட வரலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மே 20

முகாமுக்குள் இருக்கும் இந்தச் செழிப்பு முகாமுக்கு வெளியே இல்லை. இரண்டு முகாம்களுக்கு நடுவே சாலையும், பாறையும், எப்போதாவது ஓர் ஓநாயும்தான். ஊர் என்று வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். ஊரில் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. போர் நடக்கும் ஆப்கானிஸ்தானில் ஆப்கானியர்களே கண்ணில் படாத இந்த வெறுமையை, மக்கள் ஓடிப்போன மண் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அங்கோலா–சயீர் எல்லைப் பகுதிக்குப் போன பிறகும் சிறைப்பட்டவர்களையும் குழந்தை வீரர்களையும் தவிரக் கதை அதேதான். நேற்று முழுக்கக் காலி செய்த முகாம், திரும்பி வந்து பார்த்தால் ஆட்களோடு நிற்கிறது. அதைக் கைப்பற்றியதற்கு உலகத்தில் எந்தத் தடயமும் இல்லை.

நம் சொந்தத் தளமோ இன்னும் மோசம். கடலுக்கு நடுவே மேடை மேடையாகக் கட்டிக்கொண்டே போகிறோம். ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்கு நீண்ட பாலத்தில் வண்டி ஓட்டிப் போனால், அங்கே நான்கு பேர் சல்யூட் அடிக்கிறார்கள். அவ்வளவுதான். நாயகன் ரத்தக்கறை போகக் குளிக்கலாம். நாள்கணக்கில் குளிக்காமல் இருந்தால் ஈ மொய்க்கும். அந்த நுணுக்கத்தை யோசித்தவர்கள், அந்த மேடைகளில் செய்வதற்கு ஏதாவது வேலையையும் யோசித்திருக்கலாம்.

மே 24

க்வயட் என்னும் குறிபார்த்துச் சுடும் பெண்ணைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். ஆட்டக்காரருக்கு அவளைப் போன்ற துணை கிடைப்பது அரிது; முன்கூட்டியே போய் முகாமை வேவு பார்த்து எல்லாரையும் குறித்து வைத்துவிடுகிறாள். ஆனால் அவளுக்குக் கொடுத்திருக்கும் உடை, உடையே இல்லை. தோலால் மூச்சு விடுகிறாள், மூடினால் மூச்சுத் திணறும் என்று கதை காரணம் சொல்கிறது. காரணம் தெரியும்போது குறை சொன்னவர்கள் வெட்கப்படுவார்கள் என்ற பொருளில் கோஜிமா வெளியீட்டுக்கு முன்பே சொல்லியிருந்தார். காரணம் தெரிந்த பிறகும் எனக்கு வெட்கமாக இருந்தது, வேறு விதத்தில்: பையன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில், ஹெலிகாப்டருக்குள் கேமரா அவள் மேல் எங்கெங்கே போய் நிற்கிறது என்பதைப் பார்த்தபோது. தோல் மூச்சு விடுவதற்கும் கேமரா குனிவதற்கும் என்ன சம்பந்தம்?

மே 29

முதல் பாகம் முடிந்தது. வில்லன் ஸ்கல் ஃபேஸின் திட்டம் விசித்திரமானது: குறிப்பிட்ட ஒரு மொழியைப் பேசுகிறவர்களின் குரல்நாணில் மட்டும் விழித்துக்கொண்டு ஆளைக் கொல்லும் ஒட்டுண்ணியை வைத்து, ஆங்கிலத்தை உலகத்திலிருந்து அழிப்பது. மொழிக்காக உயிர் கொடுத்த ஊரில் உட்கார்ந்து ஆடுகிற எனக்கு, தன் மொழியைப் பறிகொடுத்தவன் பழிவாங்கப் புறப்படும் அந்தக் கோபத்தின் முதல் பாதி நன்றாகவே புரிந்தது.

ஆனால் அதை எப்படிச் சொல்கிறார்கள்? ஒரு ஜீப்பில் எதிரெதிரே உட்கார வைத்து, வில்லனை மூச்சு விடாமல் பேச விடுகிறார்கள்; நாயகன் ஒரு சொல் பேசுவதில்லை. பேச்சு தீர்ந்த பிறகும் ஜீப் போய்ச் சேரவில்லை. பின்னணியில் ஒரு பாட்டு ஓட, இருவரும் ஷேர் ஆட்டோவில் மாட்டிக்கொண்ட அன்னியர்களைப் போல முகத்தை முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடிகர் கீஃபர் சதர்லாண்டை நாயகனுக்குக் குரல் கொடுக்க அழைத்துவிட்டு இவ்வளவு குறைவாகப் பேச வைத்தது ஏனோ. கதையின் எஞ்சிய பகுதி விளையாட்டுக்குள் கிடைக்கும் ஒலிக் கேசட்டுகளில் கிடக்கிறது. குதிரை மேல் போய்க்கொண்டே கேட்கலாம் என்பது வசதிதான், ஆனால் முக்கியமான முடிச்சுகளெல்லாம் அங்கேதான் அவிழ்கின்றன.

கதை சொல்லத் தெரியாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியவில்லை. இதற்கு முன்பே தளத்தில் அந்த நோய் பரவத் தொடங்குகிறது. யாரைத் தனிமைப்படுத்துவது என்று விளையாட்டு நேராகச் சொல்வதில்லை. செத்தவர்களின் விவரங்களைப் பணியாளர் பட்டியலில் ஒப்பிட்டுப் பார்த்தால், எல்லாரும் கிகோங்கோ மொழி பேசுகிறவர்கள் என்பது நமக்கே பிடிபடுகிறது. அதுவரை ஏதோ அலங்காரம் என்று கண்டுகொள்ளாமல் விட்ட மொழிக் குறிப்பு, ஒரே நொடியில் உயிர் விவகாரமாகிறது. ஜீப் பேச்சு முழுவதையும்விட இந்தப் பட்டியல் திரை எனக்கு அதிகம் சொல்லிற்று.

ஜூன் 2

நாற்பத்து மூன்றாவது மிஷன். இனி ஆடப்போகிறவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகலாம்.

ஒட்டுண்ணி உருமாறித் திரும்பி வருகிறது. நோயாளிகளை அடைத்த தனிமைக் கட்டடத்துக்குள் நாம் தனியாளாகப் போகிறோம். உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்தால் உலகத்துக்கே பரவும். ஆகவே ஒருவரையும் விடக்கூடாது. குரல்நாணில் கிருமி அசைவதைக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அறை அறையாகப் போய் நம் ஆட்களை நாமே சுட வேண்டும். கீழ்த்தளத்தில் சிலர் எதிர்ப்பதில்லை, ஓடுவதில்லை. நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தபடி ஒரு பழைய மெட்டை முணுமுணுக்கிறார்கள். துப்பாக்கியை விளையாட்டு தானாக வெடிக்க வைப்பதில்லை. நாம் பொத்தானை அழுத்தும்வரை அவர்கள் நின்றுகொண்டேயிருக்கிறார்கள்.

சுட்டுச் சாய்த்த ஒவ்வொருவனின் பெயரும் திரையில் வருகிறது. அடைமொழியும் விலங்கின் பெயருமாகக் கணினி ஒட்டிக் கொடுத்த புனைபெயர்தான். ஆனால் அவர்களில் ஒருவனை எந்த முகாமில், எந்தக் கூடாரத்தின் பின்னால் மடக்கிப் பலூனில் கட்டினேன் என்பது எனக்கு நினைவில் இருந்தது. மே மாதம் முழுக்க நாங்கள் சிரித்த வேடிக்கை இங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்று தெரியாது. நாம் வெறுமனே பார்க்கும் எந்தக் கட்சீன் காட்சியாலும் இதைச் செய்திருக்க முடியாது. பையன் பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான், திரும்பி வரவில்லை.

ஜூன் 7

இரண்டாம் பாகத்தின் மீதி, இரண்டாம் பாகமே இல்லை. பழைய மிஷன்களையே கடுமையாக்கி, கண்ணில் பட்டால் தோல்வி என்றோ வெறுங்கையோடு இறங்கு என்றோ நிபந்தனை போட்டு, புது எண் கொடுத்து வரிசையில் வைத்திருக்கிறார்கள். கதையின் அடுத்த துண்டு எதைச் செய்தால் திறக்கும் என்பதும் தெளிவாக இல்லை; துணை வேலைகளை முடித்து முடித்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. 46ஆவது மிஷனில் முன்கதையின் மருத்துவமனைத் தவழல் ஏறத்தாழ முழுவதுமாகத் திரும்ப வருகிறது. புதிதாக இருப்பது இறுதியில் உடையும் உண்மைதான். அது துணிச்சலான உண்மை, ஆனாலும் அதற்காக மறுபடியும் அவ்வளவு நேரமா?

ஈலை என்னும் சிறுவன் ராட்சத இயந்திரத்தைத் திருடிக்கொண்டு பறந்துபோகிறான். அதோடு அந்த இழை அறுந்துவிடுகிறது. முடித்து வைக்க வேண்டிய 51ஆவது மிஷன் விளையாட்டில் இல்லை. பாதி செய்த காட்சிகளும் ஓவியங்களுமாக, விலை கூடிய கலெக்டர்ஸ் பதிப்போடு கொடுத்த ப்ளூ-ரேயில் இருக்கிறது. 8 கோடி டாலருக்கும் மேல் செலவானதாக ஜப்பானின் நிக்கேய் நாளிதழ் எழுதிய படைப்பு இது. வெளியீட்டு நிறுவனத்தோடு கோஜிமாவுக்கு உறவு முறிந்து, 2015 டிசம்பரில் விருது விழாவுக்கே அவரால் போக முடியாமல், சதர்லாண்ட் அவர் சார்பில் விருது வாங்கினார். இருந்தும், ஒவ்வொரு மிஷனின் தொடக்கத்திலும் முடிவிலும் சலிக்காமல் அவர் பெயர் வருகிறது. அதில் பாதியைக் குறைத்திருந்தால் யாரும் வருந்தியிருக்க மாட்டார்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது பையன் தன் ஃபைலை என்ன செய்வது என்று கேட்டான். திரும்ப வரும் பழைய மிஷன்களைத் தொடாதே, 51ஐ இணையத்தில் வீடியோவாகப் பார்த்துக்கொள், முகாம்களை மட்டும் விடாதே என்றேன். "ஹெல்மெட் கழண்டதும் சொல்லுங்க மாமா, தீபாவளிக்கு வர்றேன்" என்றான். அவன் ஃபைலில் ஆட்களை அனுப்பி, ஹெல்மெட் சரக்கை அழிக்கும் வேலையை நேற்றிரவே தொடங்கி வைத்திருக்கிறேன்.